வெற்றி ஆண்டின் ஒயின்

பிரான்ஸின் தென்மேற்கே, ஜிரோந்த் கழிமுகத்தின் இடக்கரையில் போயாக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூரின் ஷாத்தோ மூட்டோன் ரோத்ஷீல்ட் என்னும் திராட்சைப் பண்ணையில் 1945-ஆம் ஆண்டு விளைந்த சிவப்பு ஒயின், கடந்த நூற்றாண்டின் தலைசிறந்த ஒயின்களுள் ஒன்றாக அத்துறை அறிந்தோரால் மதிக்கப்படுகிறது. 2006-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸில் நடைபெற்ற ஏலத்தில் அதன் 12 புட்டிகள் அடங்கிய பெட்டி ஒன்று 2,90,000 டாலருக்கு விலைபோனது. அடுத்த ஆண்டு நியூயார்க்கில், நாலரை லிட்டர் கொள்ளும் ஒற்றைப் பெரும்புட்டி 3,10,700 டாலருக்கு விற்றது. அந்தப் புட்டியின் லேபிளில் மேற்பகுதியை நிறைத்துக்கொண்டு, இலைகள் சூழ, வி என்னும் ரோமன் எழுத்து நிற்கிறது. இது வெற்றியின் ஆண்டு என்று லேபிள் அறிவிக்கிறது.

அந்த லேபிளை அச்சிடச் சொன்னவர் பண்ணையின் உரிமையாளர் பாரோன் ஃபிலிப் தெ ரோத்ஷீல்ட். அதே 1945-இன் மார்ச் மாதத்தில், அந்த ஆண்டின் திராட்சைக் கொடிகள் துளிர்விடக் காத்திருந்த வேளையில், அவருடைய மனைவி எலிசபெத் ஜெர்மனியின் ராவென்ஸ்புரூக் வதைமுகாமில் உயிரிழந்தார். ஃபிலிப்பின் வாழ்க்கைக் கதையை எந்த முனையிலிருந்து சொல்லத் தொடங்கினாலும், இந்த ஆண்டைத் தொடாமல் கடக்க முடிவதில்லை.

மதுவின் கேடுகளை நாள்தோறும் கண்டுவரும் நமக்கு, ஒருவர் தம் வாழ்நாளின் 65 ஆண்டுகளை ஓர் ஒயினின் பெயருக்காகச் செலவிட்டார் என்பது வியப்பாகவும், சிலருக்கு முகச்சுளிப்பாகவும் இருக்கலாம். ஆயினும் போர்தோ வட்டாரத்தில் ஒயின் என்பது முதலில் ஒரு வேளாண் விளைபொருள். மண், மழை, வெயில், உழைப்பு ஆகியவற்றின் கணக்கு அதில் ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. அந்தக் கணக்கை யார் எழுதுவது, யார் கையெழுத்திடுவது என்பதே ஃபிலிப் நடத்திய போராட்டத்தின் பொருள்.

அவர் 1902 ஏப்ரல் 13 அன்று பாரிஸில் பிறந்தார். ஐரோப்பாவின் பெரும் வங்கிக் குடும்பமான ரோத்ஷீல்டுகளின் ஆங்கிலக் கிளையிலிருந்து பாரிஸுக்குக் குடிபெயர்ந்த நத்தானியேல், அவருடைய கொள்ளுத் தாத்தா. 1853-இல் 11,25,000 பிராங்க் கொடுத்து போயாக் பண்ணையை வாங்கியவர் அவர். பிரான் மூட்டோன் என்று அதுவரை வழங்கிய பண்ணை, மூட்டோன் ரோத்ஷீல்ட் ஆயிற்று. வாங்கிய இரண்டே ஆண்டுகளில் ஓர் இடி விழுந்தது. 1855-இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியனின் விருப்பப்படி, போர்தோ ஒயின்களைத் தரவாரியாக வகைப்படுத்தும் பணி அவ்வூர்த் தரகர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒயின்கள் சந்தையில் ஈட்டிவந்த விலையை அளவுகோலாகக் கொண்டு அவர்கள் பட்டியல் ஒன்றைத் தயாரித்தனர். லஃபீத், லாத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கும் முதல் தரத்தில் அமர்ந்தன. மூட்டோன், இரண்டாம் தரத்தின் முதற்பெயராக நின்றது.

ஒரு கண்காட்சிக்காக அவசரமாக எழுதப்பட்ட அந்தப் பட்டியல் கல்வெட்டைப்போல நிலைத்துவிட்டது. பண்ணைகள் கைமாறின, எல்லைகள் மாறின, கொடிகள் நோயில் அழிந்து மீண்டும் நடப்பட்டன. பட்டியல் மட்டும் மாறவில்லை. இதில் இன்னொரு குடும்பச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. 1868-இல் ரோத்ஷீல்டுகளின் பிரெஞ்சுக் கிளையைச் சேர்ந்த ஜேம்ஸ், மூட்டோனுக்கு அடுத்த நிலமான லஃபீத்தை வாங்கினார். வேலிக்கு இப்பாலும் அப்பாலும் பங்காளிகள். ஒருவர் முதல் தரம், மற்றவர் இரண்டாம் தரம். பங்காளிப் போட்டி எப்படிப்பட்டது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நத்தானியேலுக்குப் பின் வந்தவர்கள் பண்ணையை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. ஃபிலிப்பின் தந்தை ஹென்றி மருத்துவர்; புனைபெயரில் நாடகங்கள் எழுதியவர். பாரிஸ்தான் அவருடைய உலகம். முதல் உலகப் போரின்போது, பாதுகாப்புக்காக போயாக்குக்கு அனுப்பப்பட்ட சிறுவன் ஃபிலிப்தான் குடும்பத்தில் முதன்முதலாக அந்த மண்ணோடு ஒட்டிக்கொண்டவன். 1922-இல் தந்தை பண்ணையின் பொறுப்பை அவனிடம் விட்டபோது வயது 20. அன்று அங்கே மின்சாரம் இல்லை என்பார்கள். வசதிகள் எவையும் இல்லை என்பது மட்டும் உறுதி. பாரிஸ் இளைஞர் ஒருவர் அங்கே போய் வாழ விரும்பியதே குடும்பத்தாருக்கு விந்தையாக இருந்தது.

அவர் செய்த முதல் காரியமே போர்தோ வணிகத்தின் அடித்தளத்தை அசைத்தது. அக்காலத்தில் பண்ணையார் ஒயினைப் பிழிந்து, பீப்பாய்களில் நிரப்பி, சில மாதங்களிலேயே போர்தோ நகரின் வணிகர்களுக்கு விற்றுவிடுவார். அதன் பிறகு அந்த ஒயினைப் பதப்படுத்துவதும், முதிரவைப்பதும், புட்டியில் அடைப்பதும் வணிகர்களின் வேலை. மெலிந்த ஆண்டின் ஒயினில் வேற்றிடத்து ஒயினைக் கலந்து திடப்படுத்த ஒருவர் விரும்பினால் தடுப்பாரில்லை. புட்டியின் மேல் பண்ணையின் பெயர் இருக்கும்; உள்ளே இருப்பதற்குப் பண்ணையார் பொறுப்பில்லை. நெல்லை விற்ற உழவனுக்குத் தன் ஊர்ப் பெயர் பொறித்த மூட்டையில் எந்த அரிசி போகிறது என்று தெரியாத நிலை அது.

1924-ஆம் ஆண்டு விளைச்சல் முழுவதையும் பண்ணையிலேயே புட்டியில் அடைப்பது என்று ஃபிலிப் முடிவு செய்தார். முதல் தரப் பண்ணைகளையும் இதில் உடன்சேர்க்க முயன்று வெற்றி கண்டார். இரண்டாம் தரத்தில் நின்ற இளைஞர் ஒருவர் முதல் தரத்தாரை ஒரே மேசைக்கு அழைத்து வழிகாட்டியதில் இருந்த நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். பட்டியல் தராத இடத்தை நடைமுறையில் அவர் அப்போதே எடுத்துக்கொண்டுவிட்டார்.

முடிவெடுப்பது எளிது, இடம் வேண்டுமே? வணிகர்களின் கிடங்குகளுக்குப் போய்க்கொண்டிருந்த பீப்பாய்கள் இனி இரண்டு, மூன்று ஆண்டுகள் பண்ணையிலேயே கிடக்க வேண்டும். ஒவ்வொரு பீப்பாயும் 225 லிட்டர். எனவே 1926-இல், ஷார்ல் சிக்லி என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு, 100 மீட்டர் நீளமுள்ள பீப்பாய்க் கூடம் ஒன்றை எழுப்பினார். நடுவில் ஒரு தூண்கூட இல்லாத அக்கூடத்தின் வாயிலில் நின்றால், வரிசை வரிசையாய்ப் படுத்திருக்கும் பீப்பாய்களுக்கு அப்பால், கோடியில் குடும்பச் சின்னம் ஒளிர்வது தெரியும். நாடக அரங்கொன்றை நினைவூட்டும் அமைப்பு. அது தற்செயலன்று. சில ஆண்டுகளில், தந்தை ஹென்றி பாரிஸில் கட்டிய பிகால் நாடக அரங்கை வடிவமைத்தவரும் அதே சிக்லிதான். அந்தக் கட்டுமானத்தை மேற்பார்த்தவர் ஃபிலிப்.

1924 ஒயினுக்கு லேபிள் வரைய, ழான் கார்லு என்ற சுவரொட்டிக் கலைஞரை அவர் நாடினார். ஆட்டுக்கிடாயின் தலையையும் ரோத்ஷீல்டுகளின் ஐந்து அம்புகளையும் இணைத்து, அந்நாளைய கியூபிசப் பாணியில் கார்லு ஒரு லேபிளைத் தந்தார். மூட்டோன் என்றால் பிரெஞ்சில் செம்மறியாடு. மரபில் ஊறிய போர்தோ வணிகர்களுக்கு அந்த லேபிள் பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில் அம்முயற்சியை ஃபிலிப் கைவிட்டார். ஆனால் மறக்கவில்லை.

அவர் ஒயினுக்காகவே பிறந்தவர் என்று சித்திரிப்பது பிழையாகும். இருபதுகளில் அவர் மகிழ்ந்து வாழ்ந்த செல்வந்தர். பந்தயக் கார் ஓட்டினார். குடும்பப் பெயரைக் காட்டிக்கொள்ளாமல், ஜார்ஜ் ஃபிலிப் என்ற பெயரில் கலந்துகொண்டு, 1929-இல் நடந்த முதல் மொனாக்கோ கிராண்ட் பிரியில் புகாட்டி காரை ஓட்டி நான்காவதாக வந்தார். 1934-இல் மார்க் அலெக்ரே இயக்கிய திரைப்படம் ஒன்றைத் தயாரித்தார். அதற்கு உரையாடல் எழுதியவர் புகழ்பெற்ற எழுத்தாளர் கொலெத். எதிலும் முதன்மையை நாடும் இயல்பு, எதையும் காட்சியாக்கும் இயல்பு ஆகிய இரண்டும் அவரிடம் இருந்தன. அவருடைய பலமும் பலவீனமும் அவைதாம்.

1930, 31, 32 மூன்றும் போர்தோவுக்கு மழையும் குளிருமாய் அமைந்த தீய ஆண்டுகள். உலகப் பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொண்டது. மூட்டோன் என்ற பெயரில் விற்கத் தகாத மெலிந்த ஒயினை என்ன செய்வது? மலிவான விலையில், வேறு பெயரில், மூட்டோன் காதே என்று விற்றார். காதே என்றால் இளையவன். குடும்பத்தில் ஃபிலிப் இளைய மகன். மூட்டோன் என்பது தமிழ்ச் செவிக்கு மூத்தோன் என்று ஒலிக்க, அதற்கு இளையோன் ஒருவன் வாய்த்தது நமக்கு மட்டுமே கிட்டும் வேடிக்கை. பிற்காலத்தில் இந்த இளையோன்தான் உலகெங்கும் பெருமளவில் விற்று, மூத்தோனின் செலவுகளைத் தாங்கினான்.

1934-இல் அவர் எலிசபெத் பெல்லெத்தியே தெ ஷாம்ப்யூரை மணந்தார். கத்தோலிக்கப் பிரபுக் குடும்பத்துப் பெண். முந்தைய மணம் முறிந்து வந்தவர். மகள் ஃபிலிப்பீன் அதற்கு முன்பே, 1933 நவம்பரில் பிறந்திருந்தாள். இல்லறம் நெடுநாள் இனிக்கவில்லை. இருவரும் பிரிந்து வாழத் தலைப்பட்டனர்.

1940-இல் பிரான்ஸ் வீழ்ந்தது. ஜெர்மனியின் கட்டளைக்குப் பணிந்த விஷி அரசு, யூதர்களான ரோத்ஷீல்டுகளின் குடியுரிமையைப் பறித்தது, சொத்துகளைக் கைப்பற்றியது. வட ஆப்பிரிக்காவில் ஃபிலிப் கைது செய்யப்பட்டார். 1941-இல் விடுதலையானதும், பின்னர் பிரெனீஸ் மலைகளைக் கடந்து ஸ்பெயின் வழியாகத் தப்பி இங்கிலாந்து சென்று, தளபதி தெகோல் திரட்டிய சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். மூட்டோன் பண்ணையில் ஜெர்மானியப் படையினர் தங்கினர். ஆண்டுதோறும் கொடிகளைக் கவாத்து செய்து, அறுவடை செய்து, ஒயினைப் பிழிந்து வைத்தவர்கள் பண்ணையின் பழைய தொழிலாளர்கள். முதலாளி உயிரோடு திரும்புவாரா, திரும்பினாலும் பண்ணை அவருக்கு உரியதாக இருக்குமா என்பதை அறியாமலேயே அவர்கள் அதைச் செய்தனர். மூட்டோனின் வரலாற்றில் பாரோனின் பெயருக்கு நிகராக நிற்க வேண்டியவர்கள் அவர்கள் என்றே நான் கருதுகிறேன். லேபிள்களில் அவர்கள் பெயர் இல்லை.

எலிசபெத் பாரிஸில் இருந்தார். பிறப்பால் கத்தோலிக்கர், கணவரைப் பிரிந்தவர், தம் பழைய குடும்பப் பெயருக்குத் திரும்பியவர். தமக்கு இடர் வராது என்று அவர் நம்பியிருந்தால் அதில் வியப்பில்லை. 1944-இல், பத்து வயது மகளின் கண் முன்பாக கெஸ்டபோ அவரைக் கைது செய்தது. ராவென்ஸ்புரூக் பெண்களுக்கென அமைக்கப்பட்ட முகாம். சோவியத் படை அம்முகாமை அடைந்தது 1945 ஏப்ரல் இறுதியில். எலிசபெத் மார்ச்சிலேயே இறந்துபோயிருந்தார். யூதப் பெயரொன்றைச் சில ஆண்டுகள் சுமந்தது அவருடைய உயிரைப் பறித்தது. பட்டியல்கள் மனிதர்களை என்ன செய்யும் என்பதற்கு, ஒயின் பட்டியலோடு ஒப்பிடவே கூசும் சான்று இது.

திரும்பிவந்த ஃபிலிப் கண்டது, பாழ்பட்ட பண்ணையும் தாயற்ற மகளும். ஜெர்மானியப் போர்க் கைதிகள் பண்ணையைச் செப்பனிடும் வேலையில் அமர்த்தப்பட்டனர். அந்த ஆண்டின் பருவநிலையோ வேறொரு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. வசந்தம் முன்னதாகவே வந்து, கொடிகள் வேகமாகத் துளிர்த்தன. மே 2 அன்று இரவு கடும் உறைபனி விழுந்தது. துளிர்களில் பெரும்பகுதி கருகியது. ஐரோப்பாவில் போர் முடிவுக்கு வந்ததற்கு ஆறு நாள்களுக்கு முன்பு நிகழ்ந்தது இது. எஞ்சிய துளிர்களில் பூத்துக் காய்த்த சொற்பக் குலைகளை, அதன் பின் வந்த கோடை வறட்சியும் வெப்பமுமாய்ப் பக்குவப்படுத்திற்று. பழங்கள் சிறுத்தன, தோல் தடித்தது, சாறு செறிந்தது. செப்டம்பர் நடுப்பகுதியிலேயே அறுவடை தொடங்கியது. பாழான விளைச்சலே அரிய ஒயினுக்குக் காரணமாயிற்று. கொடியில் குலை குறைந்தால் ஒவ்வொரு குலைக்கும் உணவு மிகும் என்பது எந்தத் திராட்சை உழவரும் அறிந்த உண்மை.

இத்தகைய ஒயின் ஏன் பல பத்தாண்டுகள் நிற்கிறது என்பதையும் ஈண்டுச் சொல்ல வேண்டும். மூட்டோனின் சரளை மண்ணில் பெரிதும் விளைவது கபெர்னே சோவினியோன் என்னும் வகை. சிறு பழம், தடித்த தோல், மிகுந்த விதை. தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், புதிய ஒயினில் நாக்கைக் கவ்வும். கடுக்காயைக் கடித்தது போலிருக்கும். புட்டிக்குள், தக்கையின் வழியே மிக மிகச் சிறிதளவே காற்று பட, அந்தத் துவர்ப்புத் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து பெருத்து, எடை தாங்காமல் வண்டலாய் அடியில் படிகின்றன. நிறம் ஊதாச் சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு நகர்கிறது. பழத்தின் மணம் அடங்கி, தோலும் புகையிலையும் ஈரமண்ணும் கலந்ததொரு மணம் எழுகிறது. எல்லா ஒயினும் இப்படி முதிர்வதில்லை. பெரும்பாலானவை சில ஆண்டுகளில் இறந்துவிடுகின்றன. துவர்ப்பும் புளிப்பும் சாறும் தொடக்கத்திலேயே ஒன்றுக்கொன்று ஈடாக அமைந்தவையே தாங்குகின்றன. 1945 அப்படி அமைந்தது.

அந்த ஒயினுக்கு லேபிள் வரைந்தவர் ஃபிலிப் ஜூலியன் என்ற, அந்நாளில் அதிகம் அறியப்படாத இளம் ஓவியர். வின்ஸ்டன் சர்ச்சில் இரு விரல்களால் காட்டிப் பரப்பிய வெற்றிக் குறியை அவர் லேபிளில் ஏற்றினார். மனைவியை இழந்த அதே ஆண்டை வெற்றியின் ஆண்டு என்று அறிவிக்க ஃபிலிப்புக்கு எப்படி மனம் வந்தது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. கல்நெஞ்சம் என்று எளிதில் சொல்லிவிடலாம். பிரிந்து வாழ்ந்த தம்பதியர்தாமே என்றும் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரெஞ்சுக் குடிமகன் அல்லர் என்று சொந்த அரசாலேயே ஒதுக்கப்பட்ட யூதர் ஒருவர், தம் மண்ணில் விளைந்ததன் மேல், தம் பெயரோடு, பிரான்ஸின் வெற்றியைப் பொறிக்கிறார். அது கொண்டாட்டம் மட்டுமன்று. உரிமைப் பத்திரமும் ஆகும். துயரத்தை அவர் லேபிளில் எழுதவில்லை. எங்கே எழுதினார் என்று தேடினால், மிகப் பின்னாளில், 1984-இல், நாடக இயக்குநர் ஜோன் லிட்டில்வுட்டின் துணையோடு வெளியிட்ட தன்வரலாற்றைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

அந்த ஒற்றை லேபிள் ஒரு மரபாகிவிட்டது. ஆண்டுக்கொரு கலைஞர் என்பது வழக்கமாயிற்று. 1947-இல் ழான் கோக்தோ, 1955-இல் ஜார்ஜ் பிராக், 1958-இல் டாலி, 1964-இல் ஹென்றி மூர், 1969-இல் மிரோ, 1970-இல் ஷகால், 1975-இல் ஆண்டி வார்ஹோல். கலைஞர்களுக்குப் பணம் கிடையாது. ஒயின் பெட்டிகளே கூலி. போர்தோ வணிகர்கள் 1924-இல் விரும்பாத ஒன்றை, உலகம் இப்போது சேகரிக்கத் தொடங்கியது. 1954-இல் பாலின் ஃபேர்ஃபேக்ஸ் பாட்டர் என்ற அமெரிக்கப் பெண்மணியை ஃபிலிப் மணந்தார். இருவரும் சேர்ந்து, ஒயினைக் கருவாகக் கொண்ட பழம்பெரும் கலைப்பொருள்களுக்கென ஓர் அருங்காட்சியகத்தைப் பண்ணையிலேயே அமைத்தனர். 1962-இல் அன்றைய பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ அதனைத் திறந்து வைத்தார். இடையிடையே, ஆங்கிலத்தின் எலிசபெத் காலக் கவிதைகளையும், கிறிஸ்டோபர் ஃப்ரையின் நாடகங்களையும் ஃபிலிப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். முற்பகல் முழுவதும் படுக்கையில் அமர்ந்தபடியே கடிதம் எழுதுவதும், கணக்குப் பார்ப்பதும், விருந்தினரைச் சந்திப்பதும் அவர் வழக்கம்.

ஆனால் 1855-இன் பட்டியல் உறுத்திக்கொண்டேயிருந்தது. முதலாக முடியவில்லை, இரண்டாக இருக்கச் சம்மதமில்லை, மூட்டோனாகவே இருக்கிறேன் என்ற பொருள்படும் வாசகமொன்றைப் பண்ணை தன் முழக்கமாக வைத்திருந்தது. ஆற்றாமையைப் பெருமிதமாக மாற்றும் சொற்கள். ஃபிலிப் வேளாண் அமைச்சகத்தையும், வணிகச் சங்கங்களையும், மற்றப் பண்ணையாரையும் விடாது அணுகினார். பட்டியலைத் தொட்டால் யார் உயர்வார், யார் தாழ்வார் என்ற அச்சம் எல்லோரையும் தடுத்தது. வேலிக்கு அப்பால் இருந்த லஃபீத் பங்காளிகளும் எளிதில் இசையவில்லை. ஒருவர் ஒயினை என்ன விலைக்கு வெளியிடுகிறார் என்று மற்றவர் பார்த்து, அதற்கும் மேல் விலை வைக்கும் போட்டி நடந்தது. 1855-இல் விலையே தரத்தை முடிவு செய்தது என்பதால், விலையே வாதமும் ஆயிற்று.

1973 ஜூன் 21 அன்று, மூட்டோன் ரோத்ஷீல்டை முதல் தரத்துக்கு உயர்த்தும் ஆணையில் வேளாண் அமைச்சர் கையெழுத்திட்டார். அந்த அமைச்சர், பின்னாளில் பிரான்ஸின் அதிபரான ழாக் சிராக். ஃபிலிப்புக்கு அப்போது 71 வயது. 1855-இன் பட்டியலில் ஒரு பண்ணை தரம் உயர்த்தப்பட்டது அதுவரை நிகழ்ந்ததில்லை. அதன் பிறகும் நிகழவில்லை. அந்த ஆண்டின் லேபிளில் பிக்காசோவின் ஓவியம் இடம்பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் மறைந்த ஓவியருக்கு அது அஞ்சலி. முழக்கமும் மாறியது. இப்போது முதல்வன், முன்பு இரண்டாமவன், மூட்டோன் மாறுவதில்லை என்பது புதிய வாசகத்தின் பொருள். 1973-இன் விளைச்சல் மட்டும் சுமாரானது. ஐம்பதாண்டுப் போரின் வெற்றியைக் குறிக்கும் புட்டிக்குள் நடுத்தரமான ஒயின். மேகம் யாருடைய ஆணைக்கும் கட்டுப்படுவதில்லை.

அந்தப் பெருமிதமும் நெடுநாள் தனித்திருக்கவில்லை. 1976 மே மாதம் பாரிஸில், பெயர் மறைத்து நடத்தப்பட்ட சுவைத்தேர்வில், பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியாவின் ஒயினொன்றைச் சிவப்பு வகையில் முதலாவதாகத் தேர்ந்தனர். இரண்டாம் இடத்துக்கு வந்தது 1970-ஆம் ஆண்டின் மூட்டோன். இரண்டாம் இடம் என்ற சொல் அவரை எப்படிச் சுட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. பாலினும் அதே ஆண்டுதான் மறைந்தார். ஆனால் ஃபிலிப் முடங்கவில்லை. கலிபோர்னியாவின் ராபர்ட் மொண்டாவியுடன் அவர் கூட்டுச் சேர்ந்தார். நாபா பள்ளத்தாக்கில், 1979-இன் அறுவடையைக் கொண்டு ஓபஸ் ஒன் என்ற ஒயின் பிறந்தது. அதன் லேபிளில் இருவரின் முகங்களும் எதிரெதிர்த் திசை நோக்கிய நிழலுருவாக உள்ளன.

அவருடைய சாதனையின் மறுபக்கத்தையும் சொல்லாவிடில் இக்கட்டுரை புகழுரையாகிவிடும். புட்டிக்குள் இருப்பதற்கு உழவனே பொறுப்பு என்ற நேர்மையான கோரிக்கையோடுதான் அவர் தொடங்கினார். அதைச் சாதித்தார், இன்று பெயர்பெற்ற பண்ணைகள் யாவும் அவ்வழியே செல்கின்றன. ஆனால் விலையைத் தரத்தின் சான்றாகக் காட்டியதும், லேபிளைச் சேகரிப்புப் பொருளாக்கியதும் வேறொரு சந்தையைத் திறந்துவிட்டன. ஓர் உணவு மேசையில் தீர்ந்துபோக வேண்டிய பொருள், பங்குச் சான்றிதழைப்போலக் காப்பறைகளில் கைமாறுகிறது. 1945 மூட்டோனை வாங்குவோரில் எத்தனை பேர் அதன் தக்கையைத் திறப்பார்கள்? பழைய பிரெஞ்சு ஒயின்களின் பெயரில் போலிப் புட்டிகள் தயாரித்து விற்ற வணிகர் ஒருவரை, 2013-இல் நியூயார்க் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. பெயர் வெளியே ஒன்று, பொருள் உள்ளே வேறொன்று. 1922-இல் 20 வயது இளைஞர் எதை ஒழிக்கப் புறப்பட்டாரோ, அதுவே அவர் உண்டாக்கிய மதிப்பின் நிழலில் திரும்பி வந்திருக்கிறது.

ஃபிலிப் 1988 ஜனவரி 20 அன்று பாரிஸில் தம் 85-ஆம் வயதில் மறைந்தார். பண்ணையை ஏற்றவர் மகள் ஃபிலிப்பீன். அவர் அதுவரை வாழ்ந்தது மேடையில். பிரான்ஸின் தேசிய நாடகக் குழுவான கொமெடி ஃபிரான்சேஸில் நடித்தவர். தந்தையைப் போலவே, யாரும் எதிர்பாராத ஒருவராகப் பீப்பாய்க் கூடத்துக்குள் நுழைந்து, 2014-இல் மறையும் வரை, 26 ஆண்டுகள் அதனை நடத்தினார். ஆண்டுதோறும் லேபிளுக்குரிய கலைஞரைத் தேடி அழைக்கும் வேலையையும் அவரே மேற்கொண்டார். 2007-இல் நியூயார்க்கில் 3,10,700 டாலருக்கு விலைபோன அந்த 1945-இன் பெரும்புட்டி, அவருடைய சொந்த நிலவறையிலிருந்து வந்தது. தாய் இறந்த ஆண்டின் ஒயினை, அறுபதாண்டுகளுக்கும் மேலாக அந்த வீடு படுக்கவைத்துக் காத்திருந்தது.